பதினோராம் நம்பர் பாறை

அந்த மலைச்சாலையில் அவருக்கு உத்தியோகப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அடையாள அட்டையில் மூன்று வரிக்கு நீண்டு கிடக்கும். ஒருத்தரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டைக்காரர் என்றால்தான் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, பட்டைச் சாராயம் என்று எண்ணி, ஆள் நன்றாகக் குடிப்பார் போலிருக்கிறது என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். பாவம், மனுஷர் பச்சைத் தண்ணீரையும் டீயையும் தவிர வேறு எதையும் தொட்டவர் இல்லை. கோபம் மட்டும் எப்போதும் மூக்கின் மேல் தயாராக உட்கார்ந்திருக்கும்.

பட்டை என்பது வேறொன்றுமில்லை. சாலைக்கு மேலே மலைச்சரிவில் தொங்குகிற மாதிரி நிற்கும் பாறைகளில் எங்கெல்லாம் விரிசல் இருக்கிறதோ, அங்கெல்லாம் விரிசலுக்குக் குறுக்கே உள்ளங்கை நீளத்துக்கு, விரல் கனத்துக்கு, வெள்ளைப் பிளாஸ்டரைக் குழைத்துப் பூச வேண்டும். அது இறுகுவதற்குள் அன்றைய தேதியைக் கீறிவிட வேண்டும். அவ்வளவுதான். பாறை அசையாமல் இருந்தால் பட்டை அப்படியே இருக்கும். ஒரு மயிரிழை அசைந்தாலும் பட்டை பட்டென்று வெடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அசைவை அது காட்டிக்கொடுத்துவிடும். பட்டை வெடித்தால் உடைந்ததைத் தொடக் கூடாது. சாலையின் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி கட்டிவிட்டு மேலிடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதுதான் சட்டம். முப்பத்துமூன்று வருஷமாக, ஆறு கிலோமீட்டர் தூரம், பதினேழு பாறைகள். தினம் காலையில் சுத்தியல், பிளாஸ்டர் டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு பழைய பிரஷ் சகிதம் ஏறி இறங்குவார். சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் உள்ளே பொள்ளல். அதற்கு மேல் அவருக்குப் பேச்சே தேவையில்லை.

பதினேழில் பதினோராம் நம்பர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு லாரி அளவு இருக்கும். சரிவின் விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி நிற்கும். உச்சி தட்டை. காலை வெயில் முழுவதும் அதன்மேல் விழும், மத்தியானத்தில் மலையின் நிழல் வந்துவிடும். வெயில் போன பிறகும் கல் வெதுவெதுப்பாகவே இருக்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவி சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து அந்தத் தட்டைமேல்தான் உட்காருவாள். ஒரு நாள் வந்தாள், இரண்டு நாள் வந்தாள் என்றில்லை. மழைநாள் நீங்கலாக முப்பது வருஷம் வந்தாள்.

முதல் நாள் வந்தபோதே கேட்டுவிட்டாள்.

"ஏங்க, கல்லு என்ன எழுந்து ஓடியா போகப்போகுது? அதுக்கு ஒரு காவல்காரர், அவருக்கு ஒரு சுத்தியலு!"

"ஓடத்தான் போகுது. மெதுவா ஓடும். உனக்குத்தான் தெரியாது."

"எனக்கு எதுதான் தெரியுது? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

வாயைப் பிடுங்குவதில் அவளுக்கு நிகர் அவள்தான். அவரும் சோற்றைப் பிசைந்தபடியே சொல்லிக்கொண்டு போவார். பகல் வெயிலில் கல் துளி விரியும், குளிரில் துளி சுருங்கும். சுருங்கும்போது விரிசல் வாயைத் திறக்கும். திறந்த வாய்க்குள் ஒரு கூழாங்கல் விழுந்துவிட்டால் போச்சு. மறுநாள் வெயிலில் கல் விரியும்போது விரிசலால் மூட முடியாது. கூழாங்கல் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். வெளிப்பக்கத்துக் கல் அந்த ஒரு இம்மி தூரம் தள்ளிப்போய்த்தான் ஆக வேண்டும். அடுத்த குளிருக்கு விரிசல் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறக்கும், இன்னொரு கல் இன்னும் ஆழத்தில் போய் உட்காரும். இப்படியே வருஷக்கணக்கில். போதாதற்குத் தண்ணீர் வேறு இறங்கும். கல்லுக்குள் இருக்கிற பளபளப்பான மணிகளை அது மெல்ல மெல்லக் களிமண்ணாக ஆக்கிவிடும். மிச்சமிருக்கிற மணிகள் பிடிப்பில்லாமல் உதிர்ந்து மணலாகும். நிழல் பக்கம் பாசி பிடிக்கும், பாசியில் மண் சேரும், மண்ணில் ஒரு விதை விழும், வேர் உள்ளே போய்த் தோளால் இடிக்கும்.

"ஐயோ பாவம்," என்றாள் அவள். "ஆளாளுக்குச் சேர்ந்துகிட்டு ஒரு கல்லைப் போட்டு இந்தப் பாடு படுத்தறாங்களே!"

"அதான் காவலுக்கு நான் இருக்கேன்."

"நீங்க காவல் காக்கறது கல்லையா, ரோட்டையா?"

அன்றைக்கு ரசித்துச் சிரித்துவிட்டார். முப்பத்துமூன்று வருஷம் கழித்து அதே கேள்வி திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

பாறையின் காலடியில் உதிர்ந்து கிடக்கும் சொரசொரப்பான மணலை அவள் சும்மா விடமாட்டாள். காலி அடுக்கில் ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு போவாள். வீட்டில் அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்க அந்த மணல்தான். ஜன்னலோரம் வைத்த பூந்தொட்டிகளுக்கும் அதுதான். "உங்க பாறை மாவாகிட்டு வருது, இன்னும் நாலு தலைமுறைக்குப் பாத்திரம் தேய்ப்பேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். நாலு தலைமுறை எங்கே! மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜன்னல் தொட்டியில் பூ நிறையப் பூத்திருந்த நேரத்தில், பத்தே நாள் படுக்கையில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மணல் டப்பா பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் இன்றுவரை அதை நகர்த்தவில்லை.

அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் பாவம் வரும். பெரிய சண்டை ஒன்று வந்தது, அதுவும் இதே பாறைமேல்தான். கல்யாணத்துக்கு அவருடைய அக்கா ஆறு ஸ்பூன் கொண்ட செட் ஒன்று கொடுத்திருந்தாள். நல்ல கனம், காம்பில் சின்னதாக ஒரு பூ. இரண்டாம் வருஷம் அதில் ஒன்று காணாமல் போயிற்று. அக்கா வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்துவிட்டாள். எண்ணிப் பார்ப்பதற்கென்றே வந்தவள் மாதிரி எண்ணினாள். வீட்டில் புகைந்தது.

"நான் தொலைக்கலை," என்றாள் மனைவி. "சாப்பிட்டுட்டுப் பக்கத்துல வச்சேன். நழுவிச்சு. பாறை தின்னுடுச்சு."

"பாறைக்கு வாயும் பல்லும் எப்ப முளைச்சுது?"

"நான் உட்கார்ற இடத்துக்குப் பின்னாடி, இலைச்சருகுக்கு அடியில விழுந்துது. கையை விட்டுப் பாத்தேன், அடி தட்டுப்படலை. உள்ள எங்கயோ டிங்குனு சத்தம் கேட்டுது."

அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "யார்கிட்ட கதை விடற? அந்த விரிசலை அளந்தவன் நான். ஒரு காகிதம் நுழையாது அதுல. ஸ்பூன் நுழையுமாம்!"

"வந்துதான் பாருங்களேன்."

"எதுக்குப் பாக்கணும்? எங்கயாவது தொலைச்சிட்டு, பழியைத் தூக்கிக் கல்லு மேல போடற."

அவர் போய்ப் பார்க்கவில்லை. முன்பக்கம் தான் பட்டை போட்ட இடத்தில் விரிசல் எப்படி இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அப்புறம் பின்பக்கம் போய்ச் சருகைக் கிளறுவானேன்? மூன்று நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு அடுக்கோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எப்போது எது காணாமல் போனாலும், சீப்போ செருப்போ சாவியோ, அவர் கேட்பார்: "என்ன, பாறை தின்னுடுச்சா?" அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு போய்விடுவாள். மகளும் சின்ன வயதிலேயே அந்தக் கிண்டலைப் பழகிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து, "பாறை தின்னுடுச்சுப்பா" என்பாள். வீடே சிரிக்கும். அவள் அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒரு நாளும், ஆமாம் நான்தான் தொலைத்தேன் என்று ஒப்புக்கொண்டதில்லை.

அந்த மகள் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறாள். மலைமேல் சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து ஒன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காலை எட்டு பத்துக்குப் பதினோராம் பாறைக்குக் கீழே வருவாள். வந்ததும் இரண்டு முறை ஹார்ன் அடிப்பாள். முன்பெல்லாம் பாறைமேலிருந்து அம்மா கை காட்டுவாள். இப்போது அப்பா சுத்தியலைத் தூக்கிக் காட்டுவார்.

பதினோராம் பாறையின் பட்டையில் ஒரு விசேஷம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வலது கை சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்த நேரம். பழைய பட்டை மழையில் ஊறிக் கொழகொழத்துப்போனதால் புதிதாகப் போட வேண்டியிருந்தது. இடது கையால் குழைத்துப் பூசிவிட்டார், எழுதத்தான் வரவில்லை. அவள் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவித் தேதியைக் கீறினாள். அன்று எட்டாம் தேதி. அவள் எட்டு எழுதுவது தனி ரகம். ஒரே இழுப்பில் எழுதமாட்டாள். குட்டிப் பூஜ்யம் ஒன்று போட்டு, அதன் தலைமேல் ஒட்டாமல் இன்னொரு குட்டிப் பூஜ்யத்தை உட்கார வைப்பாள். "என்ன எட்டு இது, பொம்மை மாதிரி" என்று அவர் கேலி செய்தார். "இருந்துட்டுப் போகட்டும், கொண்டாங்க தண்ணியை" என்று கையைக் கழுவிக்கொண்டாள்.

அவள் போன பிறகு தினமும் முதலில் பார்ப்பது அந்த எட்டைத்தான். வீட்டில் அவள் புடவைகள் இருக்கின்றன, போட்டோ இருக்கிறது. அதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை அவரை. இந்த எட்டைப் பார்த்தால் மட்டும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அதற்காகவே அந்தப் பாறை அசையக் கூடாது என்று இருந்தார். போன வருஷம் சோதனைக்கு வந்த இன்ஜினியர் அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பதினொண்ணு இனிமே கொஞ்சம் அசைஞ்சாலும் இறக்கிடவேண்டியதுதான், வேற வழி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனபோது, அவர் ராத்திரிச் சாப்பாடே சாப்பிடவில்லை.

ஒரு வாரம் விடாமல் மழை பெய்து ஓய்ந்த காலை. ஏறிப் போய்ப் பார்த்தார். பட்டை வெடித்திருந்தது.

விரிசல் முன்பக்கம் படுக்கைவாட்டில் ஓடும், பிறகு வளைந்து மேலேறிப் பாறையின் முதுகுக்குப் போகும். பட்டை அதற்குச் செங்குத்தாக நின்றது. சரியாக நடுவில், தேதியின் குறுக்கே, முடி கனத்தில் ஒரு கோடு. அவளுடைய எட்டின் மேல் பூஜ்யம் தனியாக, கீழ்ப் பூஜ்யம் தனியாக. மேலே இருந்தது அரை நூல் அளவு வெளிப்பக்கம் தள்ளியிருந்தது. கொத்தனாரின் கணக்கில் நூல் என்றால் ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி. வேறு யார் பார்த்தாலும் தெரிந்திருக்காது.

சிவப்புக் கொடி பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. டப்பாவைத் திறந்து இரண்டு சிட்டிகை பிளாஸ்டரைத் தண்ணீர்போலக் கரைத்தார். பிரஷ் நுனியால் அந்தக் கோட்டுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். காய்ந்ததும் தேதி கீறும் ஊசியால், அழிந்த இடத்தில் பூஜ்யத்தின் விளிம்பை மறுபடி கீறினார். தள்ளி நின்று பார்த்தார். பட்டை வெடிக்காத மாதிரிதான் இருந்தது. முப்பத்துமூன்று வருஷத்தில் அவர் செய்த முதல் பொய் அது. அரை நூல்தானே, மழையில் ஊறி உப்பியிருக்கும், இனி அசையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். இதையே வேறொரு ஆள் சொல்லியிருந்தால் சுத்தியலாலேயே அடித்திருப்பார்.

பதினோரு நாளில் மறுபடி வெடித்தது. மறுபடி பூசி, மறுபடி கீறினார்.

அன்று சாயங்காலம் மகள் வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, நாளையிலேர்ந்து கீழ் ரோட்டு வழியா போயேன்."

"அது முக்கால் மணி நேரம் சுத்துப்பா. பிள்ளைங்க தூங்கி விழும். எதுக்கு?"

"சும்மாத்தான். அந்த ரோடு நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? குண்டும் குழியுமா கிடக்கு." குழாயை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மேல எதாவது அசைஞ்சுதாப்பா?"

"ஒண்ணும் இல்ல. அசைஞ்சா கொடி கட்டமாட்டேனா?"

"அதானே. நீங்க இருக்கற தைரியத்துலதான் ஓட்டறேன்," என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் எட்டு மணிக்குப் பதினோராம் பாறைக்கு அருகில் போய் நிற்பார், கையை அதன்மேல் வைத்துக்கொண்டு. லாரி அளவு கல்லை உள்ளங்கையால் தடுத்து நிறுத்திவிடுகிற மாதிரி! வேன் கடந்து போனதும் சட்டை நனைந்திருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம். நாக்கு எழவில்லை. சொன்னால் மனைவியை இரண்டாவது தடவை தூக்கிக் கொடுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அப்படித்தான் நினைத்தார், அதில் ஒளிவு மறைவு எதற்கு?

இருபத்தாறாம் நாள் காலை மூன்றாவது முறையாக வெடித்திருந்தது. இந்தத் தடவை முழு ஒரு நூல். குந்தி உட்கார்ந்து, டப்பாவில் பிளாஸ்டர் கரைத்து, பிரஷ்ஷால் விட்டுக்கொண்டிருந்தார். கீழே ஹார்ன் கேட்டது. வழக்கமாக இரண்டு முறை கேட்கும், வண்டி போய்விடும். இன்று போகவில்லை. எட்டிப் பார்த்தார். வேன் நேர் கீழே நின்றுவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி வந்ததில் ஒரு குழந்தைக்கு வாந்தி. மகள் இறங்கி, பெண்குழந்தையின் நெற்றியைப் பிடித்தபடி ஓரத்தில் குனிந்து நிற்கிறாள். மற்ற எட்டும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கின்றன.

அப்போதுதான் கேட்டது. பாறையின் முதுகுப் பக்கமிருந்து மணல் சரியும் சத்தம். சர்ர்ர் என்று, சல்லடையில் மாவு இறங்குவதுபோல. பிறகு ஒரு கூழாங்கல் உருண்டு எங்கோ ஆழத்தில் விழுந்தது.

"வண்டியை எடு!" என்று கத்தினார். "எடும்மா! எடு!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த டப்பாவைத் தூக்கி அப்படியே கீழே எறிந்தார். அது வேனுக்கு முன்னால் தார்மேல் விழுந்து வெடித்து, கண்ணாடியெல்லாம் வெள்ளையாகத் தெறித்தது. பிள்ளைகள் அலறின. மகளின் முகம் மாறிவிட்டது. குழந்தையை அள்ளி உள்ளே போட்டாள், வண்டியை எடுத்தாள், வளைவைத் தாண்டும்வரை நிறுத்தவில்லை.

பாறை விழவில்லை. ஒன்றுமே விழவில்லை. மணல் சத்தம் நின்று, குருவி கத்த ஆரம்பித்துவிட்டது. அவர் இறங்கிப் போய், இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி கட்டினார். சாலை வேலை மேஸ்திரிக்குப் போன் செய்தார்.

மேஸ்திரி வந்தார், இன்ஜினியர் அம்மாவும் வந்தாள். மேஸ்திரிக்கு ரகசியம் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும், அப்படிப்பட்ட குரல். அன்று அவரும் குனிந்து பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை பூசினீங்க?" என்று கேட்டாள் இன்ஜினியர் அம்மா.

"ரெண்டு. இன்னிக்கி மூணாவது."

"எத்தனை நாளா?"

"இருபத்தாறு."

"இருபத்தாறு நாள்ல இந்த ரோட்டுல எத்தனை வண்டி போயிருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. அதுல ஒண்ணை என் பொண்ணு ஓட்டறா."

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள் இன்ஜினியர் அம்மா. அவர் பட்டையைக் காட்டினார். எட்டைக் காட்டினார். யார் எழுதியது என்று சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார், அதுவும் மேஸ்திரிக்கு முன்னால். பட்டை போடும் வேலையிலிருந்து அன்றைக்கே அவரை எடுத்துவிட்டார்கள். இனி சாலையோரத்துக் கால்வாயில் அடைப்பு எடுக்கும் வேலை. சரி என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டில் மகள் இரண்டு நாள் பேசவில்லை. அவள் அம்மா மாதிரியேதான், அதே மௌனம், தட்டை வைக்கிற அதே சத்தம். மூன்றாம் நாள் தானே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒன்பது பிள்ளைங்கப்பா."

"ஆமா."

"நான் உங்களைக் கேட்டேன். மேல எதாவது அசைஞ்சுதான்னு கேட்டேன்."

"கேட்ட. நான் பொய் சொன்னேன். அவ எழுத்தும்மா அது. உடைஞ்சுபோச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

மேஸ்திரி அன்று காலையில்தான் அந்தப் பட்டையை அலுங்காமல் பெயர்த்தெடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பாறையை எப்படியும் இறக்கப்போகிறார்கள், இதையாவது வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று. அவர் பொட்டலத்தைப் பிரித்து மகளின் கையில் வைத்தார். அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியால் தடவினாள்.

"இது அம்மா எழுத்து இல்லப்பா."

"என்ன சொல்ற? பாரு நல்லா, எட்டைப் பாரு."

"அதைத்தான் பாக்கறேன். அம்மா ரெண்டு பூஜ்யத்தையும் தனித்தனியா போடுவாங்க, நடுவுல ஒட்டாது. இதுல ரெண்டும் ஒரே இழுப்புல சேர்ந்திருக்கு. இது உங்க எட்டு."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவள் சொன்னது உண்மை. இரண்டு முறை பூசி இரண்டு முறை கீறியதில், அவருடைய கைப்பழக்கம் மனைவியின் எழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. எதைக் காப்பாற்றுவதற்காக ஊரையே பணயம் வைத்தாரோ அதை அவரேதான் அழித்திருக்கிறார். முதல் நாளே கொடி கட்டியிருந்தால் இரண்டு துண்டாகவாவது அவள் எட்டு அவள் எட்டாகவே இருந்திருக்கும்.

பாறையை இறக்கும் நாள் சாலையை இரண்டு பக்கமும் மூடினார்கள். கீழே தார்மேல் மூன்றடி உயரத்துக்கு மணல் கொட்டினார்கள். விரிசலுக்குள் இரும்பு ஜாக்கிகளைச் செருகி மெல்ல மெல்ல அழுத்தினார்கள். அவரும் மகளும் தூரத்து வளைவில் நின்று பார்த்தார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பெரியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்கிற மாதிரி முன்பக்கம் சாய்ந்து, ஒரு நொடி நின்று, போயே போய்விட்டது. கால் வழியாக அதிர்ச்சி ஏறியது. புழுதி அடங்கியதும் பார்த்தால் மணலில் நாலு துண்டாகக் கிடக்கிறது. வெளியே கறுத்துப் பாசி பிடித்த கல், உடைந்த இடத்தில் மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. இத்தனை வருஷமாக அதன் உள்நிறம் அவருக்கே தெரியாது.

மேலே, பாறை ஒட்டியிருந்த மலைச்சுவர் இப்போது திறந்து கிடந்தது. வேர்கள், செம்மண், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கி நின்ற கூழாங்கற்கள். மேஸ்திரியின் ஆட்கள் கயிற்றில் தொங்கியபடி அந்தச் சல்லிகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். திடீரென்று மேஸ்திரியின் குரல் மலையெல்லாம் எதிரொலித்தது.

"அண்ணே! இங்க பாருங்க, யாரோ உள்ள ஸ்பூனைப் போட்டிருக்காங்க!"

மகள்தான் ஓடினாள். கொண்டுவந்து நீட்டினாள். கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி, மண் அப்பிக் கிடந்தது. அவள் சுடிதார் நுனியால் காம்பைத் துடைத்தாள். சின்னதாக ஒரு பூ.

"எங்க இருந்துது?" என்று கேட்டாள் பின்னால் வந்த இன்ஜினியர் அம்மா.

"மேலேர்ந்து பத்தடி ஆழத்துல," என்றார் மேஸ்திரி. "கல்லுக்கு நடுவுல ஆப்பு மாதிரி மாட்டிக்கிட்டு இருந்துது."

"எவ்வளவு வருஷம் இருக்கும்?"

"முப்பத்தொண்ணு," என்றார் பட்டைக்காரர்.

இன்ஜினியர் அம்மா மலைச்சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படின்னா அப்பவே பின்பக்கம் ஒரு ஸ்பூன் விழற அளவுக்குத் திறந்திருந்திருக்கு. முன்பக்கம்தான் இறுக்கமா இருந்திருக்கு. நாம எல்லாரும் முன்பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கோம். பின்னாடி இப்படி இருக்குன்னு யாருமே சொல்லலையா?"

"சொன்னா," என்றார் அவர். "ஒருத்தி சொன்னா. வந்து பாருங்கன்னு கூப்பிட்டா. நான்தான் போகலை."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனார். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்தார். அடியில் இரண்டு கை மணல் மிச்சம் இருந்தது. அவள் அள்ளி வந்த மணல், அதே பாறையிலிருந்து உதிர்ந்தது. அதில் கொஞ்சம் எடுத்து ஸ்பூனைத் தேய்த்தார். கறுப்பு போய் உள்ளேயிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும்வரை தேய்த்தார். நசுங்கிய இடத்தை நிமிர்த்தப் பார்க்கவில்லை. கழுவித் துடைத்து, அலமாரியைத் திறந்து, மற்ற ஐந்தோடு சேர்த்து வைத்தார். எண்ணிப் பார்த்தார். அக்கா எண்ணிய மாதிரியே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஆறு.

"நீ தொலைக்கலை," என்று வாய்விட்டுச் சொன்னார். "பாறைதான் தின்னிருக்கு."

கூடத்தில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் அப்படியே நின்றாள். அப்பா அதைக் கிண்டலாகச் சொல்லாமல் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.